வண்ண ரெசின் வார்ப்பு: காய்தல் வேறு, இறுகுதல் வேறு

தறி ஒன்றையே நம்பி ஆண்டு முழுவதும் குடும்பம் நடத்துவது எளிதன்று என்பதை நெசவாளர் இல்லங்கள் நன்கறியும். வேலை குறைந்த மாதங்களில் கை ஓய்ந்திராமல் வேறொரு சிறு வருவாய் தேடுவது இயல்பே. அவ்வாறு தேடியவர்களின் வீடுகள் சிலவற்றில் அண்மைக் காலத்தில் புகுந்திருக்கும் தொழில், கண்ணாடிபோல் தெளிந்த வண்ண ரெசினை அச்சில் வார்த்துப் பதக்கம், தோடு, சாவிக்கொத்து, பெயர்ப்பலகை முதலியன செய்வதாகும். சரிகையுடன் கூடிய பட்டு வெட்டுத்துண்டையோ உலர்ந்த மலரையோ உள்ளே பதித்து வார்த்தால், பொருள் காண்போர் கண்ணைக் கவர்கிறது. நெசவாளரிடம் துண்டுத் துணி உண்டு. பயிரிடுவோரிடம் மலர் உண்டு. ஆதலின் இத்தொழில் நம் அங்கத்தினருக்குப் பொருத்தமானதே.

ஆயினும், ஆர்வத்துடன் தொடங்கிய சிலர் பொருளும் பொழுதும் இழந்து கைவிட்டதையும் நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் தோற்றது கைத்திறக் குறையால் அன்று. ரெசின் எவ்வாறு இறுகுகிறது என்னும் ஒன்றை அறியாமையே காரணம். அதனை இயன்றவரை தெளிவாக எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சென்ற ஐப்பசி மாதத்தில் சங்கமொன்றின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தோம். சிறுகடன் பெற்றிருந்த பெண் அங்கத்தினர் ஒருவரின் வீட்டுக்கும் செல்ல நேர்ந்தது. தறிக்குழிக்கு அருகில் ஒரு பலகை; அதன்மேல் தட்டில் நாற்பது பதக்கங்கள். ஒரு திருமண வீட்டார் விருந்தினர்க்கு வழங்கக் கேட்டிருந்தவை அவை. நீல நிறம் அழகாகவே அமைந்திருந்தது. ஆனால் ஒன்றை எடுத்து அழுத்தியபோது நம் விரல்நகம் அதில் பதிந்தது. வளைத்தால் தோல்போல் வளைந்தது.

“வார்த்து மூன்று நாளாயிற்று, ஐயா. மழைக்காலம் அல்லவா, இன்னும் காயவில்லை,” என்றார் அவர்.

“வெயில் வரும்போது மாடியில் வையுங்கள், அம்மா. சரியாகிவிடும்,” என்று நாம் சொல்லி வந்தோம்.

அடுத்த வாரம் சென்று பார்த்தபோது பதக்கங்கள் இறுகவில்லை. வெயிலில் மேலும் இளகித் தட்டின் வடிவுக்கேற்ப வளைந்திருந்தன. நீலத்தில் மஞ்சள் கலந்து பச்சை படர்ந்திருந்தது. திருமணத்திற்கு ஐந்து நாட்களே இருந்தன. பட்டம் பெற்றவர் என்று நம்மை மதித்து அவர் கேட்டதற்கு, ஆராயாமல் சொன்ன யோசனை அது. அந்த நாணமே இப்பொருளைப் பற்றிப் படித்தறிய நம்மைத் தூண்டியது.

காய்தலும் இறுகுதலும்

நனைந்த நூல் காய்வது எவ்வாறு? அதிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. வெயிலும் காற்றும் அதற்குத் துணை. சிமெண்டு அவ்வாறு காய்வதில்லை. பூசிய தளத்திற்கு நாள்தோறும் நீர் ஊற்றுகிறோம். நீருடன் சிமெண்டு சேர்ந்து வேறொரு பொருளாக மாறி இறுகுகிறது. ரெசினும் இவ்வகையினதே. அதிலிருந்து வெளியேற வேண்டியது எதுவுமில்லை. அதற்குள்ளேயே நிகழவேண்டிய இரசாயனச் சேர்க்கை நிகழ்ந்தால் இறுகும். நிகழாவிடில் ஓராண்டு வெயிலில் வைத்தாலும் இறுகாது.

வீட்டுத் தொழிலில் மிகுதியாக வழங்குவது எபாக்சி ரெசின். இது இரண்டு புட்டிகளில் வரும்: ஒன்று ரெசின், மற்றொன்று ஹார்டனர். நெசவாளர்க்கு இதனை விளக்குவது எளிது. ரெசின் பாவு என்றால் ஹார்டனர் ஊடை. இரண்டும் தத்தம் இடத்தில் பிணைந்தால்தான் துணி. ஊடை குறைந்தால் பாவிழைகள் தனித்துத் தொங்கும். மிகுந்தால் பிணைய இடமின்றி ஊடை தளர்ந்து கிடக்கும். எபாக்சியிலும் ஒரு பொருளின் ஒவ்வொரு கைக்கும் மற்றொன்றில் ஒரு கை வேண்டும். மிகுந்து நின்ற பகுதி பிணைப்பின்றி உள்ளே தங்கிப் பொருளை இளக்கியே வைத்திருக்கும். “ஹார்டனரைச் சற்றுக் கூடுதலாக விட்டால் விரைவில் இறுகும்” என்று பலர் எண்ணுகின்றனர். இது முற்றிலும் தவறு.

பாலியெஸ்டர் ரெசின் வேறு வகை. அதில் சேர்க்கும் பெராக்சைடு திரவம், பாலுக்கு உறைமோர் போன்றது. நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கே போதும். சூட்டிற்கேற்பச் சிறிது கூட்டலாம், குறைக்கலாம். உறைமோருக்குரிய இந்தப் பழக்கத்தை எபாக்சிக்குக் கொண்டுவருவதால் பல தவறுகள் நேர்கின்றன. பாலியெஸ்டரில் ஸ்டைரீன் என்னும் பொருளின் கடுநெடியும் தீப்பற்றும் இயல்பும் உண்டு. ஆதலின் சுவரொட்டிய சுவருடன் அமைந்த நம் தெரு வீடுகளுக்கு அது ஏற்றதன்று.

மூன்றாவது, விளக்கொளியால் இறுகும் ரெசின். 365 முதல் 405 நானோமீட்டர் வரையிலான அலைநீளமுள்ள ஊதா ஒளி பட்டதும் சில நிமிடங்களில் இறுகிவிடும். ஆனால் ஒளி சென்ற ஆழம்வரைதான் இறுக்கம். அடர்ந்த நிறம் கலந்தால் மேற்புறம் கல்லாகி உட்புறம் கூழாகவே இருக்கும். மெல்லிய அடுக்குகளாக இடும் சிறு நகைகளுக்கே இது பயன்படும்.

நிறையா, கொள்ளளவா?

இனி நாற்பது பதக்கங்களின் செய்திக்கு வருவோம். அங்கத்தினர் அசட்டையாகச் செயல்பட்டார் என்று சங்கக் குழுவில் சிலர் கருதினர். உண்மையில் அவர் தராசு வைத்து 200 கிராம் ரெசினுக்கு 100 கிராம் ஹார்டனர் எனச் சிறிதும் பிசகாமல் நிறுத்தே கலந்திருந்தார். புட்டியின் மேல் 2:1 என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. அது கொள்ளளவால் என்னும் குறிப்பு, அடியில் பூச்சிக்கால் எழுத்தில் இருந்தது.

இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ரெசின் ஹார்டனரைவிடக் கனமானது. ஒரு மில்லிலிட்டர் ரெசின் 1.15 கிராமும், ஒரு மில்லிலிட்டர் ஹார்டனர் 0.96 கிராமும் எடை உள்ளதாகக் கொள்வோம். 200 மில்லிலிட்டர் ரெசின் 230 கிராம் ஆகும். 100 மில்லிலிட்டர் ஹார்டனர் 96 கிராம் ஆகும். அதாவது 100 கிராம் ரெசினுக்குச் சுமார் 42 கிராம் ஹார்டனரே வேண்டும். 200 கிராமுக்கு 84 கிராம் போதும். அவர் இட்டதோ 100 கிராம். வேண்டியதற்கு மேல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மிகை. அந்த மிகைதான் நம் விரல்நகத்திற்கு இடங்கொடுத்தது. வெயிலில் வைத்ததால் இளகியதும் மஞ்சளித்ததும் அன்றிப் பயன் ஒன்றுமில்லை.

ஆகவே புட்டியிலோ உடன் வரும் தாளிலோ நிறையளவு எவ்வளவு, கொள்ளளவு எவ்வளவு என்பதைத் தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். நிறையளவு தந்திருந்தால் 0.1 கிராம்வரை காட்டும் தராசில் நிறுப்பதே சிறந்தது. கொள்ளளவு மட்டும் தந்திருந்தால் கோடிட்ட குவளையிலேயே அளக்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ரெசினுக்கு வேறொரு நிறுவனத்தின் ஹார்டனரைச் சேர்த்தல் கூடாது.

கலத்தலும் வார்த்தலும்

சரியாக அளந்தும் சரியாகக் கலக்காவிடில் பயனில்லை. குவளையின் பக்கங்களிலும் அடியிலும் ஒட்டியுள்ள ரெசின் கலவையில் சேராமல் நின்றுவிடும். பதக்கத்தின் ஒரு பக்கம் இறுகி மற்றொரு பக்கம் பிசுபிசுப்பது இதனால்தான். தட்டையான குச்சியால் பக்கத்தையும் அடியையும் வழித்து, மூன்று நான்கு நிமிடம் மெதுவாகக் கலக்கவேண்டும். பின்னர் வேறொரு தூய குவளைக்கு மாற்றி மேலும் ஒரு நிமிடம் கலப்பது நலம். முதற் குவளையை அச்சின்மேல் கவிழ்த்துக் கடைசித் துளிவரை வழித்து ஊற்றுவது தவறு.

வேகமாக அடித்துக் கலக்கினால் காற்றுக் குமிழ்கள் புகும். கலப்பதற்கு முன் ரெசின் புட்டியைச் சிறிது நேரம் வெந்நீரில் வைத்தால் ரெசின் நெகிழ்ந்து குமிழ்கள் எளிதில் மேலெழும். நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ப் பகுதிகளில் ரெசின் சில சமயம் புட்டியிலேயே வெண்மையாக உறைவதுண்டு. அதுவும் கெட்டதன்று, சுமார் 50 பாகை செல்சியஸ் வெந்நீரில் வைத்துத் தெளிந்த பின் வழங்கலாம். குமிழை ஒடுக்கச் சிலர் காற்றழுத்தக் கலத்தைப் பயன்படுத்துகின்றனர். அந்த அழுத்தத்திற்கென்றே செய்து சோதித்த கலமாயின் சரியே. சமையல் குக்கரை அதற்குப் பயன்படுத்த முயல்வது உயிருக்கே கேடு.

இறுகும்போது ரெசின் தானே வெப்பம் வெளியிடும். மெல்லிய தகட்டில் அவ்வெப்பம் வெளியேறிவிடும். ஆழமான அச்சிலோ உள்ளேயே தங்கி இறுக்கத்தை முடுக்கும். அதனால் மேலும் வெப்பம் பிறக்கும். இவ்வாறு ஒன்றையொன்று வளர்த்து, வார்ப்பு வெடிப்பதும் மஞ்சளிப்பதும் புகைவதும் உண்டு. கலந்த ரெசினைக் குவளையிலேயே நெடுநேரம் விட்டு வைத்தாலும் இவ்வாறே நேரும். ஆகவே தாளில் குறித்துள்ள ஆழத்திற்கு மேல் ஒரே முறையில் வார்க்கலாகாது. கீழடுக்கு பிசுபிசுப்புடன் இருந்து, தொட்டால் விரலில் ஒட்டி வராத பக்குவத்தில் அடுத்த அடுக்கை இட்டால் இரண்டும் நன்கு பிணையும். அப்பக்குவம் கடந்துவிட்டால், முற்றும் இறுகிய பின் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்துவிட்டு மேலடுக்கை இடவேண்டும்.

சூடு 10 பாகை உயர்ந்தால் இரசாயன வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொது விதி. 25 பாகையில் 40 நிமிடம் கையாளக்கூடிய கலவை, சித்திரை நடுப்பகலில் 35 பாகையில் 20 நிமிடமே தாங்கும். கோடையில் விடியற்காலையிலேயே வார்த்து முடிப்பது நன்று.

நிறமும் ஈரமும்

சாயத் தொழிலில் பழகிய கைகள் தறிக்குரிய சாயத்தையே ரெசினிலும் கலக்க முற்படுகின்றன. நீரில் கரைத்த எந்தச் சாயமும் இதற்கு ஆகாது; நீர் புகுந்தால் வார்ப்பு வெண்மூடுபனி போல் மங்கும், இறுக்கமும் குறையும். ரெசினுக்கென்று விற்கப்படும் நிறங்களையே சேர்க்க வேண்டும். அவையும் மொத்த எடையில் நூற்றுக்கு ஐந்து ஆறு பங்குக்கு மிகாதிருத்தல் நலம். தெளிந்த வண்ணத்திற்குச் சில துளிகளே போதும்.

மலரைப் பதிப்போர் அதனை முற்றும் உலர்த்தவேண்டும். நிழலில் உலர்ந்த மலரிலும் ஈரம் எஞ்சும். சிலிக்கா ஜெல் மணிகளுள் புதைத்துச் சில நாட்கள் வைத்தால் ஈரம் நீங்கும், நிறமும் பெரிதும் நிற்கும். ஈர மலர் ரெசினுக்குள் பழுப்பாகும். பட்டுத் துண்டையும் வெயிலில் காயவைத்து, முதலில் சிறிது ரெசினில் தனியே ஊறவைத்து, இழைகளிடையே உள்ள காற்று வெளியேறிய பிறகே அச்சில் இடவேண்டும். கஞ்சி மிகுந்த துணியில் ரெசின் ஊறாது. அதனை அலசிக் காயவைத்துக்கொள்வது நலம்.

மழைக்காலத்தில் எபாக்சி வார்ப்பின் மேல் மெழுகு போன்ற வழவழப்புப் படிவது உண்டு. ஹார்டனர் காற்றிலுள்ள கரியமிலவாயுவோடும் ஈரத்தோடும் சேர்வதால் விளைவது இது. வார்ப்பு உள்ளே திண்மையாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. இளஞ்சூட்டுச் சோப்பு நீரால் கழுவித் துடைத்தபின் தேய்த்து மெருகிடலாம்.

பொறுமைக்குரிய நாட்கள்

வீட்டுச் சூட்டில் வார்த்த எபாக்சியை ஒன்று முதல் மூன்று நாட்களில் அச்சிலிருந்து எடுக்கலாம். ஆயினும் முழு வலிமை பெற ஒரு வாரமேனும் ஆகும். அதற்கு முன் விற்பனைக்கு அனுப்பினால் விரல் தடம் பதிந்து திரும்பி வரும். அன்றியும், வீட்டுச் சூட்டில் மட்டும் இறுகிய எபாக்சி பெரும்பாலும் 45 முதல் 60 பாகையளவிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காரினுள் தொங்கும் சாவிக்கொத்து வளைவது இதனாலேயே. அச்சிலேயே ஒரு நாள் இறுகிய பின், வெப்பமானி பொருத்திய பெட்டியில் சிறிது சிறிதாகச் சூட்டை உயர்த்தி, தாளில் கூறியபடி 50 அல்லது 60 பாகையில் சில மணி நேரம் வைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். சரியான அளவில் கலந்த வார்ப்புக்கே இது பயன்படும். தவறாகக் கலந்ததை எந்தச் சூடும் திருத்தாது.

இப்பொறுமை இத்தொழிலுக்குப் புதிதன்று. 1930களில் அமெரிக்காவில் கேட்டலின் என்னும் வண்ண வார்ப்புப் பிசினால் வானொலிப் பெட்டிகளும் வளையல்களும் செய்தனர். அதனை ஈய அச்சுகளில் வார்த்து, அடுப்பறைகளில் பல நாட்கள் வைத்தே இறுகச் செய்தனர். அவற்றுள் வெண்ணிறமாக இருந்தவை இன்று மஞ்சளாகியுள்ளன. எபாக்சியும் நாளடைவில் வெயிலால் மஞ்சளிக்கும். இதனை வாங்குவோரிடம் முன்னரே சொல்லிவிடுவது வாணிக நாணயமாகும்.

பழுதான வார்ப்பைக் கண்டவுடன் வீசிவிடவும் வேண்டாம், வீணாகக் காத்திருக்கவும் வேண்டாம். மேற்புறம் மட்டும் பிசுபிசுத்து உள்ளே திண்மையாயின் கழுவிப் பார்க்கலாம். தேறாவிடில் மேற்படலத்தைச் சுரண்டிவிட்டுச் சரியாகக் கலந்த மெல்லிய அடுக்கொன்றை இடலாம். குளிரால் தாமதமாயின் இளஞ்சூட்டில் தேறும். ஒரு வாரம் கழித்தும் முழுவதும் இரப்பர்போல் வளைந்தால் அளவே தவறு, அதற்குப் பரிகாரமில்லை.

உடல் நலம்

இறுகாத எபாக்சி தோலில் படப்படச் சிலருக்கு ஒவ்வாமை உண்டாகும். ஒருமுறை உண்டானால் அது வாழ்நாள் முழுதும் நீடிக்கக்கூடும்; அதன்பின் சிறு துளியும் அரிப்பையும் கொப்புளத்தையும் எழுப்பும். நைட்ரைல் கையுறை அணியவேண்டும். கையில் பட்டால் சோப்பும் நீரும் கொண்டு கழுவவேண்டும். தின்னர், அசிட்டோன் முதலியவற்றால் துடைத்தால் அவை ரெசினைத் தோலுக்குள் செலுத்திவிடும். சன்னல்கள் திறந்திருக்கவேண்டும். சமையலறையில் இவ்வேலை கூடவே கூடாது. இறுகிய பொருளை நீர் தொட்டுத் தேய்த்தால் தூசி பறக்காது. பாலியெஸ்டருக்குரிய பெராக்சைடு கண்ணில் தெறித்தால் பார்வையே போகக்கூடும். அதனைக் கோபால்ட் முடுக்கியோடு நேரே சேர்த்தால் வெடிக்கும். மிஞ்சிய எபாக்சிக் கலவையைச் சாக்கடையில் ஊற்றாமல், வெளியில் வைத்து இறுகிய பின் குப்பையில் சேர்க்கவேண்டும். உணவுக்குரிய தட்டும் குவளையும், குழந்தைகள் வாயிலிடும் பொருள்களும் வீட்டில் வார்க்கத் தக்கவையல்ல.

சங்கம் செய்யத்தக்கவை

ஒருவர் தனியே வாங்க இயலாத நல்ல தராசையும் வெப்பமானியையும் சங்கம் வாங்கிப் பொதுவில் வைக்கலாம். ரெசினை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஆனால் தேதி பார்த்து, முன் வந்ததை முன் வழங்கவேண்டும். திறந்த ஹார்டனர் காற்றின் ஈரத்தை உறிஞ்சுமாதலின் மூடியை இறுக மூடி வைத்தல் வேண்டும். ஒவ்வொரு வார்ப்புக்கும் தேதி, அறைச்சூடு, ரெசின் எடை, ஹார்டனர் எடை, நிறம், அச்சிலிருந்து எடுத்த நாள், முடிவு ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் எழுதிவரவேண்டும். தறிக்கணக்கு எழுதும் வீட்டிற்கு இது பெருஞ்சுமையன்று. கடன் தொகை முழுவதையும் வழங்குமுன் இரண்டு மாதிரி வார்ப்புகளை ஒரு வாரம் கழித்து நகத்தால் சோதித்தறிவது சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் நன்மை தரும்.

நாம் மேலே குறித்த அங்கத்தினருக்குத் திருமண வீட்டாரின் வேலை கைநழுவியது. அளவுக் கணக்கை நாம் குழுவின் முன் வைத்ததும், அவர்மீது குற்றமில்லை என்பதை உணர்ந்து தவணையை மூன்று மாதம் தள்ளி வைத்தனர். அவர் மீண்டும் இரண்டு இரண்டு பதக்கங்களாக வார்த்துப் பழகினார். தைப்பொங்கலுக்கு முன் ஒரு கடைக்கு முப்பது பதக்கங்கள் கொடுத்தார், ஒன்றும் திரும்பவில்லை.

அண்மையில் சென்றிருந்தபோது, பழைய நாற்பதில் ஒன்று பதிவேட்டின் மேல் இருந்தது. நகத்தால் அழுத்தினோம், இன்னும் பதிந்தது. “புதிதாகக் கற்க வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கொடுக்கிறேன், ஐயா,” என்றார். அவரிடம் இப்போது அத்தெருவிலேயே இரு பெண்கள் கற்றுவருகின்றனர். நிறுத்த எடையைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே குச்சியைக் கையில் எடுக்கவேண்டும் என்பது அவர் அவர்களுக்கு விதித்துள்ள முதல் விதி. ஏனைய அங்கத்தினரும் அவ்விதியைக் கைக்கொள்வார்களாக.